நாலு கோடு சொல்லும் பொய்: டியூபுலர் பேட்டரியும் ஹைட்ரோமீட்டரும், நான்கு வருடம் கழித்து

"நாலு கோடும் எரியுது, ஆனா அரை மணி நேரத்துல ஆஃப் ஆயிடுது. பேட்டரி போச்சா?" என்று வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது. 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி, அதாவது குழாய் வடிவ பிளேட் உள்ள ஈய-அமில பேட்டரி மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. எரிச்சலெல்லாம் இன்வெர்ட்டர் முகப்பில் எரியும் அந்தக் கோடுகள் மேல்தான்.

கோடு பார்ப்பது வோல்ட்டை மட்டும். வோல்ட்டை வைத்து சார்ஜைக் கணிக்கலாம், பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லும் ஓய்ந்து கிடந்தால். பிளேட்டின் துளைக்குள் இருக்கும் ஆசிடும் வெளியே நிற்கும் ஆசிடும் ஒரே செறிவுக்கு வந்திருக்க வேண்டும். சார்ஜை நிறுத்தியதும் 13.2 காட்டும் பேட்டரி, ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தால் 12.5-க்கு இறங்கிவிடும். 30 ஆம்பியர் இழுத்தால் அதுவே 12.0. லோடை எடுத்தால் சில நிமிடத்தில் மறுபடி ஏறும். இதில் எதைப் பார்த்துக் கோடு போடுவது?

கணக்கு எளிது. ஓய்ந்த செல்லின் வோல்ட், கிராவிட்டியோடு (ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) ஏறத்தாழ 0.84 கூட்டினால் வரும். நிறைந்த பேட்டரியில் கிராவிட்டி 1.240 என்றால் செல்லுக்கு 2.08, ஆறு செல்லுக்கு 12.48. காலியாகி 1.120-க்கு வந்தால் 11.76. நிறைவுக்கும் காலிக்கும் நடுவில் மொத்தமே 0.72 வோல்ட்! செறிவிலிருந்து வோல்ட்டைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் ஆசிட் மடக்கைக்குள் (log) உட்கார்ந்திருப்பதால் வோல்ட் இவ்வளவுதான் அசையும். லோடு போட்டதும் விழும் அரை வோல்ட்டே அதில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. விழுந்த அந்த 0.48 வோல்ட் 30 ஆம்பியரில் 14 வாட் வெப்பமாகப் பேட்டரிக்குள்ளேயே போகிறது. வெளியே வேலைக்கு வராது.

ஹைட்ரோமீட்டர், அதாவது உள்ளே மிதவை வைத்த உறிஞ்சுகுழாய், ஆசிடையே எடைபோடுகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது சல்ஃப்யூரிக் அமிலம் செலவாகி, பிளேட்டில் ஈய சல்ஃபேட்டும் ஆசிடில் தண்ணீரும் சேர்கிறது. மிச்சம் எவ்வளவு என்று மிதவை காட்டிவிடும். ஆனால் இதுவும் முழு யோக்கியன் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு அளந்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். ஒரு முழு சார்ஜ் முடிந்து, குமிழ் வந்து கலக்கிய பிறகு அளக்க வேண்டும். மீட்டருக்குக் குறித்த வெப்பநிலைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.0007 கூட்டிக்கொள்ளுங்கள். மிதவை குழாய்ச் சுவரில் ஒட்டக் கூடாது, கண் ஆசிட் மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் தீப்பொறி ஆகாது, சார்ஜில் ஹைட்ரஜன் வரும்.

நண்பருக்கான பதில் ஆறு மூடிகளுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து செல் 1.240, ஒன்று மட்டும் 1.170 என்றால், குறைந்த கரன்ட்டில் ஈக்வலைசிங் சார்ஜ் (எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜ்) போட்டு, மணிக்கொரு முறை அளந்து, மூன்று அளவும் மாறாமல் நிற்கும் வரை விடுங்கள். அப்போதும் ஏறாத செல் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆறும் ஒன்றுபோலக் குறைவு என்றால் சார்ஜர் போதவில்லை, அல்லது சல்ஃபேட் பிளேட்டிலேயே இறுகிவிட்டது. கிராவிட்டியை ஏற்ற ஆசிட் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எண் ஏறும், பேக்கப் ஏறாது.

இந்தப் பேட்டரியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தண்ணீர் பிரிய 1.23 வோல்ட் போதும், செல்லில் இருப்பதோ இரண்டுக்கு மேல். சமநிலைக் கணக்குப்படி இந்தப் பேட்டரி சும்மா இருக்கும்போதே தண்ணீரைப் பிரித்துத் தானே காலியாகிவிட வேண்டும். ஆகவில்லை, ஏனென்றால் ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் உருவாவது மகா மந்தம். அந்தச் சோம்பலில்தான் பேட்டரி பிழைக்கிறது! ஓய்வு என்று நாம் சொல்வதும் முழுச் சமநிலை இல்லை. உறுதிக்காக ஈயத்தில் கலக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் நெகட்டிவ் பிளேட்டுக்கு நகர்ந்து அந்த மந்தத்தைக் குறைப்பதால்தான் அடிக்கடி தண்ணீர் கேட்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள இரும்பு ஒரு பிளேட்டில் எலக்ட்ரானை இழந்து, மறு பிளேட்டில் வாங்கி, போய்வந்தே சார்ஜைக் கரைக்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தார். அதில் வோல்ட் இன்னும் தட்டை, மிதவை விட ஆசிடும் கிடையாது. போன வந்த ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருக்கும் ஷன்ட் மீட்டர்தான் வழி. ஹைட்ரோமீட்டரைப் போலத் திறந்து பார்க்கக்கூடிய உண்மை அதில் இல்லை. இருந்தாலும் மாறிவிடுங்கள். ஆசிட் சொட்டி ஓட்டை விழாத சட்டை ஒன்றாவது மிஞ்சும்.