கரையா, வாடியா, இணையக் கடையா? சுறாப் பல் தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புதைபடிவமான சுறாப் பல் சேர்க்க ஆசைப்படும் மட்டக்களப்புக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கரையில் தேடலாம், மீனவர்கள் மீனை இறக்கி வெட்டும் வாடியில் தாடை கேட்டு வாங்கலாம், வெளிநாட்டுப் பல்லை இணையத்தில் வாங்கலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

கரையில் தேடச் செலவில்லை. கச்சான் காற்றுக் காலத்துக் காலைவேளையில் கல்லடிக் கரையில் நடப்பதே சுகம். ஆனால் பழைய பல் கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறை நிலத்துக்கு அடியில் இருப்பவை சுறாக்கள் உலகில் தோன்றும் முன்பே உருமாறிப்போன பாறைகள். அதன்மேல் கிடக்கும் மணலோ மிகவும் இளசு. பழைய சுறாப் பல் தங்கக்கூடிய கடலடிப் படிவான மயோசீன் காலச் (ஏறக்குறைய 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்திலும் புத்தளம் பக்கத்திலும் இருக்கிறது. நமக்குத் தெற்கே மினிஹாகல்கந்தையிலும் அக்காலப் படிவுகள் உண்டு, ஆனால் அது யால தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே எதையும் பொறுக்கக் கூடாது. நம் கரையில் கறுத்துக் கூராகக் கிடப்பவை பெரும்பாலும் சிப்பித் துண்டு, இல்லாவிட்டால் நண்டுக் கால் நுனி.

வாடிதான் எனக்குப் பிடித்த வழி. வாழைச்சேனையில் ஒரு மீனவர் ஐயாவிடம் வெட்டி ஒதுக்கிய தலை ஒன்றைக் கேட்டேன். சும்மாவே தந்தார். "மகன், கவனம். செத்தாலும் கடிக்கும்" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். வீட்டில் சதையை வழிக்கும்போது பெருவிரல் கீறியதும்தான் புரிந்தது.

தாடை எலும்பல்ல, குருத்தெலும்பு. கொதிக்கும் நீரில் போட்டால் சுருங்கிக் கோணிவிடும். சூடான நீரில் சிறிது நேரம் வைத்து, கத்தியால் சதையை வழித்து, வாய் திறந்தபடி குச்சி கொடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். எறும்புகள் மிச்சத்தைச் சுத்தம் செய்யும். அப்புறம் பாருங்கள்: முன்வரிசைக்குப் பின்னால் ஈறுக்குள் படுத்தபடி அடுத்தடுத்த வரிசைகள், விழும் பல்லின் இடத்துக்கு வரக் காத்திருக்கும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்ப்பதால்தான் பழைய கடல்களின் அடியில் இத்தனை பற்கள் தங்கின.

இன்னொரு பெரிய பாடமும் இதில் இருக்கிறது. ஒரே வாயில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வேறு வேறு. காளைச் சுறாவுக்கு மேலே அகன்ற முக்கோணம், விளிம்பு அரம்போல இருக்கும். கீழே ஒடுங்கிய கூர். அவற்றைத் தனித்தனியே கண்டால் இரண்டு இனம் என்றுதான் சொல்வோம். புலிச்சுறாவின் பல்லோ மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றுபோல, சேவல் கொண்டைபோல ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.

பிடிபட்டு வந்த தலையை மட்டும் கேளுங்கள், தாடைக்காக ஒரு சுறாவும் சாக வேண்டாம். உடம்பளவு நீண்ட வாலுள்ள சுறாக்களைப் பிடிக்க 2012 முதல் நம் நாட்டில் தடை இருக்கிறது. அதன் தலை வந்தால் கை வைக்காதீர்கள்.

சரி, இணையக் கடை. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் மொரோக்கோவின் பொஸ்பேற் சுரங்கங்களிலிருந்து வரும் பற்கள். ஒட்டோடஸ் ஒப்ளிகுவஸ் என்ற சுறாவுடையவை அங்கே ஏராளம். வயது ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலிருக்கலாம். விளிம்பில் அரம் இருக்காது, நடுக்கூருக்கு இருபுறமும் குட்டிக் கூர்கள் இருக்கும். அந்தக் குட்டிக் கூர்கள் இல்லாமல், நுண்ணிய அரத்தோடு உள்ளங்கையளவு பெரிய பல் என்றால் மெகலோடோன் என்ற இராட்சதச் சுறாவுடையது. அது முப்பத்தாறு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன இனம், நல்ல பல்லின் விலை கையைச் சுடும்.

இதில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. நான் வாங்கிய முதல் பல்லை இரவு தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் வேரும் கூரும் தனித்தனியாகக் கிடந்தன. இரண்டு வேறு பற்களை மண்ணும் பசையும் குழைத்து ஒட்டியிருந்தார்கள். அதனால் வேரும் பளபளப்பான பகுதியும் சேரும் கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். இயற்கையான பல்லில் அந்தக் கோடு சீராக ஓடும், வேரில் நுண்துளைகள் தெரியும். பசை இருந்தால் மண்ணோடு கலந்த தடம் தெரியும். நிறத்தை மட்டும் வைத்து வயதை முடிவுசெய்ய வேண்டாம். கறுப்பு, சாம்பல், தேன் நிறம் எல்லாம் அது புதைந்திருந்த மண்ணின் தாதுக்கள் தந்தவை.

ஆக, முதலில் வாடிக்குப் போங்கள், ஒரு தாடையை உலர்த்திப் பழகுங்கள். மொரோக்கோப் பல் ஒன்றை அதன் பிறகு வாங்கலாம். என் மேசையில் வாழைச்சேனைத் தாடையின் வெள்ளைப் பல்லும் பிறகு வாங்கிய தேன் நிற மொரோக்கோப் பல்லும் அருகருகே இருக்கின்றன. நேற்றுப் பார்க்க வந்த அக்காவின் மகள் இரண்டின் வேரையும் விரலால் தடவிவிட்டு, "மாமா, ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு" என்றாள்.