கொல்லிமலை சைக்கிள் பயணம்: வரைபடத்தில் கோடு போட்டு விற்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

ஆளுக்கு 680 சிங்கப்பூர் வெள்ளி, நான்கு பேருக்கு 2,720 வெள்ளி. விமானச் சீட்டு தனி. இந்தப் பணத்தை நான்தான் எல்லாரிடமும் சேர்த்து, சென்ற நவம்பரில் ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று மூலம் அனுப்பினேன். அவர் கொல்லிமலையில் மூன்று நாள் மவுண்டன் பைக் பயணம் என்று இங்கே சிங்கப்பூரில் நம் தமிழ் ஆட்களிடம் தேடித் தேடி விற்கிறார். ஜூன் பள்ளி விடுமுறைக்கு இன்னொரு குழுவுக்கு ஆள் சேர்ப்பதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நாங்கள் சைக்கிளுக்குப் புதியவர்கள் இல்லை. நான், என் தம்பி, அலுவலகத் தோழிகள் இருவர். ஞாயிறு விடிந்தால் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் மண் பாதையில்தான் இருப்போம். மாதம் ஒருமுறை படகேறி உபின் தீவுக்குப் போவோம். ஆனால் சிங்கப்பூரிலேயே உயரமான நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர். அது மட்டுமில்லை, அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம் ஊர். சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த மலையைக் கீழிருந்தே பார்த்திருக்கிறேன். ஓரி ஆண்ட மலை என்று அப்பா கையை நீட்டிக் காட்டுவார். ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த ஆசைதான் என்னை அதிகம் கேள்வி கேட்க விடவில்லை.

அவர் எழுதி அனுப்பியதில் இருந்தவை: காட்டுப் பாதைகளில் இரண்டு நாள், உள்ளூர் வழிகாட்டி, முன்பக்க சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் உள்ள சைக்கிள், பின்னாலேயே வரும் வேன், மலை வீட்டில் தங்கல், கடைசி நாள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கம். அதோடு கைப்பேசியில் போட்டுக்கொள்ள ஒரு வழித்தடக் கோப்பும் வந்தது. வரைபடத்தில் பச்சை மலைமேல் ஆரஞ்சுக் கோடு. பார்க்கவே அவ்வளவு அழகு.

"இந்த வழியில நீங்களே ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அக்கா, அது நம்ம ஏரியா. நீங்க வந்து ஓட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஆமாம் என்று அவர் சொல்லவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் திருச்சியில் இறங்கினோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து வேனில் செம்மேடு வரை ஏறினோம். மலை வீடு என்றது ஒரு லாட்ஜ். பெண்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே அறை. சரி, தூங்கத்தானே என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை சைக்கிள்கள் வந்தன. ஹைட்ராலிக் இல்லை, கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக். இந்த வித்தியாசம் சின்னது போலத் தெரியும், மலையில் அது பெரிய விஷயம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேயத் தேய, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். கம்பி பிரேக்கைக் கையால் திருகித் திருகிக் கிட்டே கொண்டுவர வேண்டும். என் சைக்கிளில் அந்தத் திருகு ஏற்கெனவே கடைசி மரைவரை வெளியே வந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொட்ட பிறகுதான் சக்கரம் நின்றது, அதுவும் கிரீச்சென்று. குனிந்து இடுக்கில் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினேன். பேட் என்று ஒன்று மிச்சமில்லை. அதன் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு தேய்ந்து பளபளத்துக்கொண்டு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது.

வழிகாட்டியாக வந்த பையனிடம் காட்டினேன். கம்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிக் கொடுத்தான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு பேர் விடுப்பு எடுத்து வந்திருக்கிறோம், இன்றைக்குப் பெரிய இறக்கம் எதுவும் இல்லையே என்று நினைத்துக் கிளம்பினேன். இது என் தப்புதான்.

முதல் சில கிலோமீட்டர் தார்ச்சாலை. இருபக்கமும் மரங்களில் மிளகுக்கொடி, நடுநடுவே வாழை, காப்பிச் செடிகள், அறுத்து முடித்த சாமைக் காடுகள். வண்டிச் சத்தமே இல்லை. நான் இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியதிலேயே நல்ல ஒரு மணி நேரம் அது. அப்புறம் ஆரஞ்சுக் கோடு இடதுபக்கம் திரும்பி மலைச்சரிவில் இறங்கியது. நாங்களும் இறங்கினோம். ஒற்றையடிப் பாதை, பிறகு வெறும் தடம், பிறகு முள்வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் ஒருவருடைய காப்பித் தோட்டம். கோடு அதன் நடுவே நேராகப் போய், மலை முடிந்து செங்குத்தாக விழுகிற இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார்.

"எங்க கண்ணு போறீங்க இந்தப் பக்கம்?"

கைப்பேசியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, சரிவைப் பார்த்தார். "இங்க வழி இல்ல சாமி. ஆடுகூட எறங்காது. கீழ பூராவும் பாரஸ்ட்டு."

வழிகாட்டிப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் நாமக்கல்காரன். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று பேசி அனுப்பியிருக்கிறார்கள். மலைமேல் சைக்கிளோடு வந்தது அதுதான் முதல் தடவையாம். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பாட்டி எங்களை உட்காரவைத்துத் தண்ணீரும் கேழ்வரகுக் களியும் கொடுத்தார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. பேரனை அனுப்பி வரப்பு வழியாகத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து விட்டார்.

அந்தக் 'கீழ பூராவும் பாரஸ்ட்டு' என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கி இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள். அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை. அவர் வாங்கவும் இல்லை. ஒருவேளை அந்தச் சரிவில் இறங்கி யாருக்காவது கால் உடைந்திருந்தால், நாங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

பின்னாலேயே வரும் என்ற வேனை அழைக்கக் கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஒருவழியாகக் கிடைத்தபோது, அது வேறு சவாரிக்காக மலையிறங்கிப் போயிருந்தது. ஒரு தோழியின் சைக்கிளில் செயின் அறுந்துவிட்டதால் எல்லாரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். செம்மேடு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, நான் இந்தப் பிரேக்கோடு எழுபது வளைவு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தம்பியின் சைக்கிள் பரவாயில்லை போலத் தெரிந்தது. "மெதுவா போறேன்க்கா" என்றான். மேலிருந்து மூன்றாவது வளைவில் அவன் பிரேக்கும் போய்விட்டது. காலை ஊன்றிப் பார்த்திருக்கிறான், நிற்கவில்லை. மலைப் பக்கம் இருந்த வாய்க்காலில் தானே திருப்பி விழுந்தான். அந்த நேரம் மேலே ஏறிவந்த பேருந்தின் ஹாரன் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மணிக்கட்டில் விரிசல், முழங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த சின்ன லாரிக்காரர் ஒருவர்தான் எங்களைக் கீழே இறக்கி, நாமக்கல்லில் மருத்துவமனைவரை கொண்டுபோய் விட்டார்.

ஏற்பாட்டாளருக்கு அன்றே அழைத்தேன். "மலைன்னா அப்படித்தான்க்கா இருக்கும், அட்வெஞ்சர்தானே கேட்டீங்க" என்றார். தம்பிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

சிங்கப்பூர் திரும்பிய பிறகுதான் அந்த வழித்தடக் கோப்பை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். இதை எல்லாரும் செய்யலாம், ஐந்து நிமிட வேலை. ஒருவர் உண்மையில் ஓட்டிப் பதிவு செய்த கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும், கோடு கொஞ்சம் நெளிந்து நெளிந்து போகும், நின்ற இடத்தில் புள்ளிகள் குவிந்திருக்கும். கணினியில் உட்கார்ந்து வரைந்த கோட்டில் பெரும்பாலும் நேரமே இருக்காது. எங்களுக்கு வந்ததில் ஒரு புள்ளிக்கும் நேரம் இல்லை. உயரக் கோடுகள் ஒட்டி ஒட்டி நெருங்கிக் கிடக்கும், அதாவது மிகச் செங்குத்தான, சரிவை ஆரஞ்சுக் கோடு குறுக்கே நேராக வெட்டிப் போகிறது. மனிதக் காலே படாத இடத்தை எங்களுக்குப் பாதை என்று விற்றிருக்கிறார்.

இங்கிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா விற்பவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் பயண முகவர் உரிமம் வேண்டும். பெயரைப் போட்டு இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். தேடினேன், இவர் பெயர் இல்லை. பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்டுவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். மனுவோடு அவர் அனுப்பிய விளம்பரம், பேநவ் ரசீது, சைக்கிள் பிரேக்கின் படங்கள், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்தேன். அந்தப் பிரேக்கை அன்று காலையே நான்கு படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

மனு போன மறுநாளே, 400 வெள்ளி தருகிறேன், விட்டுவிடுங்கள் என்று செய்தி அனுப்பினார். அதையும் மன்றத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் பயணத்துக்கு யாராவது ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், அந்தக் கோப்பில் நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரிம எண்ணும் வனத்துறை அனுமதியும் எழுத்தில் கேளுங்கள். அவரோடு பேசிய செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். எனக்கு எழுதினால் என் மனுவில் என்னென்ன இணைத்தேன் என்று காட்டுகிறேன். எங்கள் விசாரணை அடுத்த மாதம் வருகிறது. தம்பியின் மணிக்கட்டுக் கட்டைப் போன வாரம் பிரித்தார்கள். அவனால் இன்னும் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.