தாய் என்று காட்டிய நாய் அதன் தாயே இல்லை: கலப்பினக் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

நேற்று இரவு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பிரம்புக் கூடையில் ஆறு நாய்க்குட்டிகள், பின்னால் நீலத் திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையின் ஓரத்தில் உள்ள கிழிசலைக்கூட எனக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதன் முன்னால் நின்றுதான் எங்கள் பஞ்சுவைக் கையில் வாங்கினேன். விற்பவரின் பெயர் மாறியிருக்கிறது, தொலைபேசி எண் மாறியிருக்கிறது, வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது: "லாப்ரடார், பூடில் கலப்பு. எட்டு வாரம். இரண்டு தடுப்பூசி முடிந்தது. கலப்பினம் என்பதால் நோய் வராது."

இந்தக் கடைசி வரியை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம். இன்னொரு வீடு ஏமாறக் கூடாது.

தாய், தகப்பன் நாய்களின் பரிசோதனை முடிவுகளைக் காட்ட முடியுமா என்று அன்றைக்கே கேட்டேன். அவர் சிரித்தார். "சார், அதெல்லாம் சுத்த இனம் வாங்குகிறவர்கள் கேட்பது. இது இரண்டு ரத்தம் சேர்ந்தது. தானாகவே ஆரோக்கியமாக இருக்கும்" என்றார். அவர் பேசிய தோரணையில் எனக்கே என் கேள்வி அநாவசியமாகத் தோன்றியது. அதற்கு மேல் கேட்கவில்லை.

தாயைப் பார்க்க வேண்டும் என்றபோது உள்ளேயிருந்து ஒரு லாப்ரடாரை அழைத்துவந்தார்கள். பளபளவென்று இருந்தது. குட்டிகளைத் தரையில் விட்டார்கள். ஒரு குட்டி தத்தித் தத்தி அதன் வயிற்றடியில் போய் முட்டியது. அந்த நாய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போய் வாசல் பக்கம் படுத்துக்கொண்டது. அதன் வயிறு ஒட்டி, இறுகி இருந்தது. காம்புகள் சிறுத்துக் கிடந்தன. எட்டு வாரம் பால் கொடுத்த நாய்க்கு மடி தொங்கிப்போயிருக்கும், காம்புகள் பருத்திருக்கும், மேல்முடிகூடக் கொட்டியிருக்கும். இதையெல்லாம் நான் பின்னால்தான் கற்றுக்கொண்டேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

குட்டியின் மேல் வாசனைச் சோப்பு கமகமத்தது. உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை. குட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். எங்களைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. கால் மணி நேரத்தில் பணம் கைமாறியது.

மறுநாள் மாலை கால்நடை மருத்துவர் பஞ்சுவின் உதட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். "இதற்கு எட்டு வாரம் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். எட்டு வாரக் குட்டிக்கு இருபத்தெட்டுப் பால் பற்களும் முளைத்திருக்க வேண்டும். பஞ்சுவுக்கு முன்பற்கள் அரிசி முனைபோல் அப்போதுதான் வெளியே தெரிந்தன. கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. ஐந்து வாரத்துக்கு மேல் இருக்காது என்றார். தாய்ப்பாலே முழுதாக மறக்காத குட்டி! தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் கடித்து விளையாடித்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒரு குட்டி தெரிந்துகொள்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் குட்டியைப் பாதியிலேயே தூக்கி வந்திருந்தோம்.

பிறகு தடுப்பூசி அட்டையை விரித்தார். இரண்டு தேதிகளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தன. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சிட்டை இல்லை, தொகுதி எண் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. முதல் ஊசியின் தேதி நான்கு வாரங்களுக்கு முந்தையது. அப்படியானால் அன்று பஞ்சுவுக்கு வயது ஒரு வாரம். கண்ணே திறக்காத குட்டிக்கு ஊசி போட்டதாக அட்டை சொல்கிறது! முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்கும்; தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால் பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போடுவார்கள்.

நான்காம் நாள் விடியற்காலையில் வாந்தி. மதியத்துக்குள் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலத்தில் செய்த சோதனை, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்று காட்டியது. அந்த வைரஸ் உடம்புக்குள் போய்ப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களில் நோய் வெளியே தெரியும். குட்டி தெருவில் கால் வைக்கவில்லை, வேறு நாயைப் பார்க்கவில்லை; நோயைச் சுமந்துகொண்டேதான் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆறு நாட்கள் டிரிப். முன்னங்காலில் முடியை மழித்து ஊசி செருகியிருந்த இடம் என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. என் மகள் அந்தக் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "உங்கள் வீட்டில்தான் தொற்றியிருக்கும். வேண்டுமானால் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் ஓர் உயிரைப் பற்றித்தான் அவர் அப்படிப் பேசினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பஞ்சு பிழைத்துக்கொண்டது. இங்கேயே முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து, அந்தி சாய்ந்ததும் பஞ்சு மாடிப்படியின் முதல் படியில் நின்றுவிட ஆரம்பித்தான். ஒரு காலை நீட்டுவான், காற்றில் துழாவுவான், பின்வாங்குவான். விளக்கைப் போட்டால் இறங்கிவிடுவான். சோம்பல் என்று நினைத்தோம். மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். விழித்திரை படிப்படியாகத் தேயும் பரம்பரை நோய். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பகல் பார்வையும் போகும். மருந்து கிடையாது.

"கலப்பினம்தானே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் குட்டி வாங்கப்போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நோய் வருவதற்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் உள்ள நாய்க்குக் கண் கடைசிவரை நன்றாகவே தெரியும். ஆனால் குட்டிக்குக் கடத்தும். இனம் விட்டு இனம் சேர்ப்பதால் நன்மை இருப்பது உண்மைதான்: ஓர் இனத்தில் மட்டும் இருக்கும் இப்படிப்பட்ட கோளாறு மறு இனத்தோடு சேரும்போது பெரும்பாலும் அமுங்கிவிடும். ஆனால் இந்தப் பழுது லாப்ரடாரிலும் இருக்கிறது, பூடிலிலும் இருக்கிறது. இரண்டிலும் உள்ளதை இரண்டையும் கலந்து எப்படி விரட்ட முடியும்? கடத்தும் நாய் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்ற நாய்களில் ஒன்றே ஒன்றுக்கு "பழுது இல்லை" என்று முடிவு வந்திருந்தால் போதும், அந்த ஈற்றில் ஒரு குட்டிக்கும் இந்த நோய் வந்திருக்காது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் சோதனை. அதைத்தான் அந்த மனிதர் சிரித்து ஒதுக்கினார்.

"முடி உதிராது, ஒவ்வாமை வராது" என்ற பேச்சும் இதே ரகம். இந்தக் கலப்பைப் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களின் இனப்பெருக்கத்தைக் கவனித்துவந்த வாலி கான்ரன். பார்வையற்ற ஒரு பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை இருந்ததால் 1989இல் அவர் இதைச் செய்துபார்த்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அனுப்பிச் சோதித்ததில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. தொடங்கி வைத்தவரே இந்தக் கலப்பை வைத்து நடக்கும் வியாபாரத்தைப் பார்த்துப் பின்னாளில் வருந்தினார்.

பொறுப்பாக நாய் வளர்த்து விற்பவர் எப்படி இருப்பார் என்பதை நான் தாமதமாகப் பார்த்தேன். சென்ற ஆண்டு என் தங்கைக்காக ஓர் அம்மாளைப் பார்க்கப் போனோம். குட்டி காட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் எங்களைத்தான் கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முடியை யார் தினமும் சீவிவிடுவார்கள், வெளியூர் போனால் என்ன செய்வீர்கள் என்று விடாமல் கேட்டார். தங்கைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. தாய் நாய் ஒரு பழைய போர்வையில் படுத்திருந்தது. குட்டிகள் அதன் மேல் ஏறி மிதித்தன, காதைக் கடித்தன. ஒன்று எல்லை மீறியபோது அது ஓர் உறுமல் உறுமியது, குட்டி அடங்கியது. இரு நாய்களின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, மரபணு முடிவு எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. ஒரு குட்டிக்குத் தொப்புளில் சிறு புடைப்பு இருப்பதை நாங்கள் கேட்காமலே சொன்னார். எட்டு வாரம் நிறைவதற்கு முன் தர மறுத்துவிட்டார். "எப்போதாவது வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், என்னிடமே கொண்டுவாருங்கள்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

தாயைக் குட்டிகளோடு, பிறந்த இடத்திலேயே பாருங்கள். பாதி வழியில் வந்து தருகிறேன் என்றால் போகாதீர்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்பதற்குத் தடையே இருக்கிறது. பரிசோதனை என்றால் "டாக்டர் பார்த்தார், நன்றாக இருக்கிறது" என்ற சீட்டு இல்லை. பெற்ற இரண்டு நாய்களின் முடிவுகளும் நாயின் அடையாள எண்ணோடு இருக்க வேண்டும். தாயின் வயதையும் கேளுங்கள். நாய்களின் மூட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இருபத்து நான்கு மாதம் நிறையாத நாய்க்கு இடுப்பு மூட்டின் இறுதிச் சான்று தருவதில்லை; அதற்கு முன்பே ஈன்ற தாய் என்றால் அந்தச் சான்று இல்லாமல்தான் ஈன்றிருக்கும்.

அந்த விளம்பரத்தைப் பற்றிப் புகார் அனுப்பிவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கூடையின் வலது ஓரத்தில் இருந்த குட்டிக்கு, பஞ்சுவுக்கு இருப்பதுபோலவே, மார்பில் வெள்ளைக் கீற்று. நாங்கள் கடைசிவரை பார்க்காத அதே தாய் இன்னும் ஈன்றுகொண்டிருக்கிறதோ என்று நினைத்தபோது தூக்கம் போய்விட்டது. அந்தக் கூடையிலிருந்து யாராவது ஏற்கெனவே ஒரு குட்டியை எடுத்துப் போயிருந்தால், அட்டையை நம்ப வேண்டாம். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியோ பேதியோ கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.