பழைய மீன் தொட்டியைப் புது மீன்களுக்குத் தயார் செய்தல்: சேலத்தில் மூன்று கோடைகள் கண்ட ஒரு தொட்டியின் அனுபவம்

எங்கள் கன்னங்குறிச்சி வீட்டுக் கூடத்தில் இருக்கும் மூன்றடி மீன் தொட்டி, பேர்லேண்ட்ஸ் பகுதியில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து, புதுத் தொட்டியின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கியது. அதற்குப் பிறகு மூன்று கோடைகளைக் கடந்து இன்றும் அது நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய தொட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வாங்கலாம் என்றே நான் சொல்வேன். ஆனால் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாகப் பொறுமையைச் செலவிட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். கண்ணாடி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கண்ணாடிதான். பழைய தொட்டியில் வயதாவது அதன் சிலிக்கான் ஒட்டு. அங்கே அறவே இல்லாமல் போயிருப்பது மீன் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்க் கூட்டம். இந்த இரண்டையும் சரிசெய்த பிறகே மீனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாங்கும்போது நான் முதலில் பார்த்தது கீழ் மூலைகளைத்தான். மூலையில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தத் தொட்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதன் பின் உட்புற ஒட்டின் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெருடிக்கொண்டே போனேன். நல்ல சிலிக்கான் ரப்பர் போல அமுங்கி மீளும். உயிர் போன சிலிக்கான் ஓரத்தில் தோலாக உரியும். எங்கள் தொட்டியில் பின்பக்கக் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சிலிக்கானுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கரும்பச்சைக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அது மேலே படிந்த அழுக்கு அல்ல. ஒட்டு விட்டுப்போன இடுக்கில் பாசி புகுந்து வளர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். இரண்டு கண்ணாடிகளைச் சேர்க்கும் நடு ஒட்டு தெளிவாக, குமிழி இல்லாமல் இருந்ததால், உள் ஓர ஒட்டை மட்டும் புதுப்பித்தால் போதும் என்று முடிவு செய்து, அதைச் சொல்லியே விலையையும் குறைத்துக் கேட்டேன்.

இந்த ஒட்டு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 91 சென்டிமீட்டர் நீளமுள்ள முன் கண்ணாடிக்குப் பின்னால் 42 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமம். அழுத்தம் மேலே குறைவாகவும் அடியில் அதிகமாகவும் இருப்பதால் கீழ் விளிம்புதான் பெரும் சுமையைத் தாங்குகிறது. தண்ணீர் மட்டுமே சுமார் 140 கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் மொத்த எடை 200 கிலோவை நெருங்கிவிடும். ஆகவே தொட்டியின் கால் மேசையை ரசமட்டம் வைத்துச் சமன்படுத்தி, அரை அங்குலத் தெர்மாகோல் தாளை விரித்து, அதன் மேல்தான் தொட்டியை வைக்க வேண்டும். மேசையின் ஒரு கால் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். விரிசல் அன்றைக்கே விழாது, சில மாதங்கள் கழித்து விழலாம்.

சிலிக்கான் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள கண்ணாடிக் கடைக்குச் சென்றபோது, அங்கே வேலை செய்யும் பெரியவர் என் கையில் ட்யூபைக் கொடுத்துக்கொண்டே, "பழைய சிலிக்கான் மேல புதுசு ஒட்டாதுங்க, ஒரு துளி விடாம சொரண்டி எடுத்துட்டுப் பூசுங்க" என்றார். இந்த வேலையில் இதைவிட முக்கியமான விதி இல்லை. ஒட்டு விட்டுப்போன இடத்தில் மட்டும் புதிதாகப் பூசினால் பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் மறுபடி கசியும் என்பதால், நான்கு பக்க உள் ஓர ஒட்டையும் முழுவதுமாக அறுத்தெடுத்தேன். பிளேடு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள ஒட்டுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மிச்சமிருந்த மெல்லிய படலத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஓரங்களில் காகித டேப் ஒட்டி, சிலிக்கானைப் பூசி, அது மேல்தோல் கட்டுவதற்கு முன் விரலால் ஒரே இழுப்பாக வழித்து, உடனே டேப்பை உரித்துவிட வேண்டும்.

குளியலறைக்கென்று விற்கப்படும், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கானைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே கூடாது. அந்த மருந்து மீனுக்கும் நஞ்சாகலாம். நான் பயன்படுத்தியது காயும்போது வினிகர் வாசம் வீசும் சாதாரண ரகம். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் கெட்டிப்படுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் காயாது. மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே தண்ணீர் நிரப்பிவிடாமல், ஒரு வாரத்துக்கு மேல் விட்டு, வினிகர் வாசம் முற்றிலும் போன பின் வெளி வராந்தாவில் வைத்துப் படிப்படியாக நிரப்பினேன். அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தால், ஒரு சொட்டுக் கசிந்தாலும் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடியில் படிந்திருந்த உப்புக் கறைக்குச் சேலத்துத் தண்ணீரே காரணம். சேர்வராயன் மலையடிவாரத்தில், நாம் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊர் இது. இங்குள்ள போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் மிகுந்தது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் வெள்ளைப் பட்டையாகச் சுண்ணாம்பு ஏறிவிடுகிறது. வினிகரில் நனைத்த துணியை அந்தப் பட்டையின் மேல் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டபின், ஈரப்படுத்திய பிளேடைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால், பட்டை மெல்லிய சீவல்களாகப் பெயர்ந்து வருவதைப் பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பயன்படுத்தினாலும் இதே பலன் கிடைக்கும். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் ஆகியவற்றைத் தொட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நோய்க்கிருமிகளைப் பற்றியும் அலட்சியம் கூடாது. வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி, நன்றாகக் காய்ந்து கிடந்த தொட்டியில் உயிர் பிழைக்காது. ஆனால் மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் வகைகள் குளோரினை வெகுவாகத் தாங்குபவை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடியவை. ஆகவே பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவியதோடு நிற்காமல், அலசிக் காயவைத்து, 70 சதவீத ஆல்கஹாலாலும் உட்புறம் முழுவதையும் துடைத்தேன். கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவில்லை. வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுவதுமாக அலசிய பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும்.

தொட்டியோடு வந்த கற்களைப் பூந்தொட்டிகளின் அடியில் போட்டுவிட்டேன். முன்பு இருந்தவர்கள் என்னென்ன மருந்து ஊற்றினார்கள் என்பதை அறிய வழியில்லை. செம்பு கலந்த மருந்துகள் சுண்ணாம்புக் கற்களில் ஒட்டிக்கொண்டு இறாலுக்கும் நத்தைக்கும் பின்னாளில் கேடு செய்யும். புதிதாக வாங்கிய கூழாங்கல்லில் சில சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தை மேலும் கூட்டும், ஏற்கெனவே கடினமான நம் தண்ணீருக்கு அது வேண்டாம்.

இனி, இந்த அனுபவத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். தொட்டி கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரோடு நின்றாலும் அது மீனுக்குத் தயாராகிவிடவில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றியாக வேண்டும். முதல் இரண்டும் மீனைக் கொல்பவை. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் கற்களிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கிருமி நீக்கம் செய்த பழைய தொட்டியும் இந்த வகையில் புதுத் தொட்டிதான்.

நம் ஊருக்கு இதில் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நச்சான வடிவம் எவ்வளவு என்பதைக் காரத்தன்மையும் (அதைக் காட்டும் அளவுதான் பி.எச்.) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் நச்சு வடிவம், பி.எச். 8 ஆகும்போது ஆறேழு பங்காக உயர்ந்துவிடுகிறது. மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் தாங்கிக்கொள்ளும் அதே அம்மோனியா அளவு, சேலத்துக் காரத் தண்ணீரில் மீனைச் சாய்த்துவிடும். மறுபுறம், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையில் தண்ணீரில் கரைந்துள்ள காரப் பொருள் செலவாகிக்கொண்டே போகும்; நம் தண்ணீரில் அது நிறைய இருப்பதால், பி.எச். திடீரென்று சரிந்து அந்த வேலை நின்றுபோகும் ஆபத்து குறைவு. வெப்பமும் நுண்ணுயிர் வளர்ச்சிக்கு உகந்தது.

மீனை வைத்துச் சோதிப்பதை நான் விரும்பவில்லை. நுண்ணுயிர்களுக்குத் தீனியாக அம்மோனியா தருவதற்கு, நவச்சாரம் என்னும் அம்மோனியம் குளோரைடைப் பயன்படுத்தினேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் கட்டி நவச்சாரத்தில் வேறு கலப்பு இருக்கக்கூடும் என்பதால், ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் சிறு புட்டி வாங்கிக்கொண்டேன். 100 லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் கரைத்தால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். ஏர் பம்பும் ஸ்பான்ஜ் ஃபில்டரும் இரவு பகலாக ஓட, சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியில் முதலில் அம்மோனியா இறங்கியது, அதன்பின் நைட்ரைட் ஏறியது. நைட்ரைட் இறங்குவதற்குத்தான் நீண்ட காலம் பிடித்தது. ஒரு முறை இட்ட முழு அளவும் மறுநாளுக்குள் அம்மோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் மிஞ்சாமல் மறைந்துவிடும் நிலை வந்த பிறகே, பெரும் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போனேன். நண்பர் யாராவது நோயில்லாத தொட்டி வைத்திருந்தால், அவருடைய ஓடுகிற ஸ்பான்ஜ் ஒன்றைத் தொட்டித் தண்ணீரிலேயே ஈரமாகக் கொண்டுவந்து போட்டால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

என்ன மீன் வளர்ப்பது என்பதைத் தண்ணீரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மோலி, பிளாட்டி, கப்பி ஆகியவை கடினமான தண்ணீரில் செழிப்பவை. அவற்றைத்தான் வளர்க்கிறேன், குஞ்சுகளும் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. அமேசான் படுகையின் மென்மையான அமிலத் தண்ணீருக்குரிய நியான் டெட்ராவை நம் போர் தண்ணீரில் விடுவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. கடைகளில் பல நேரம் ஆர்.ஓ. கலந்த தண்ணீரில் மீன் வைத்திருப்பார்கள் என்பதால், புது மீன்களைத் தனி வாளியில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சிட்டுச் சொட்டுச் சொட்டாக நம் தண்ணீரைக் கலந்து பழக்குகிறேன். பிறகு சில வாரங்கள் தனிப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே பெரிய தொட்டிக்கு மாற்றுகிறேன்.

வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுவதற்கு மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் ஏர் பம்ப் வைத்து ஓடவிட்டாலோ, முன்பு போட்டோ ஸ்டூடியோக்களில் புழங்கிய ஹைப்போ உப்புக் கரைசலைச் சில சொட்டு விட்டாலோ அது போய்விடும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர்; உப்பு ஆவியாவதில்லை என்பதால், போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் கடினம் கூடிக்கொண்டே போகும்.

கோடைதான் இங்கே பெரிய சோதனை. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் ஏழேகால் அளவுக்குக் குறைகிறது. அதே நேரத்தில் மீனின் தேவையோ கூடுகிறது. மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நாள் முழுக்க நிறுத்தப்படும் நாட்களுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம் வேண்டும். மீன் மூச்சுவிடுவதற்கு மட்டுமல்ல, ஸ்பான்ஜில் உள்ள நுண்ணுயிர்கள் சாகாமல் இருப்பதற்கும் அது தேவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொட்டியோடு வந்த பிளைவுட் மூடி ஈரத்தில் உப்பி உதிர்ந்ததால் மாற்றினேன். பழைய டியூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி. பட்டை வைத்தேன், இரும்பு மேசையைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசியது இன்னும் துருவை நெருங்க விடவில்லை. உள்ளே இருந்த கீறல்களில் மட்டும் பாசி விடாமல் பிடிக்கிறது. அதற்கு இதுவரை வழி கிடைக்கவில்லை. நான் பூசிய உள் ஓர ஒட்டை இப்போதும் அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்க்கிறேன். எங்கும் பாசி புகவில்லை.

ஏற்காட்டில் இருக்கும் என் சித்தி மகன் இதே அளவில் பழைய தொட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவுகளின் குளிரில் நுண்ணுயிர் வளர்ச்சி மந்தமாகும் என்பதால், மீன் வருவதற்கு முன்பே, நவச்சாரம் இடும் நாளிலிருந்தே ஹீட்டரைப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் 150 வாட் ஹீட்டர் அவனுக்குப் போதும்.