திருமங்கலம் தாண்டினால் வெளிச்சம்: சென்னை மெட்ரோவில் அம்மாவும் நானும்

மதுரையில் எனக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறவன். பதினைந்து வருடமாகப் போய்வந்தும் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டதே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குவேன், ஆட்டோ ஏறுவேன், கடை வாசலில் இறங்குவேன். நடுவில் எந்தத் தெரு, எந்தத் திசை, எதுக்கு அடுத்து எது என்று ஒன்றும் தெரியாது. போன வைகாசியில் தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழா நங்கநல்லூரில் நடந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவளுக்காகத்தான் மெட்ரோவில் ஏறினேன். ஊர் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கியபோது நன்றாக விடியவில்லை. வெளியே வந்ததும் ஒரு ஆட்டோக்காரர் நங்கநல்லூருக்கு 600 ரூபாய் கேட்டார். எனக்கு அது நியாயமான வாடகையா இல்லையா என்றுகூடத் தெரியாது. வெளியூர்க்காரனுக்கு அதுதான் பெரிய கஷ்டம். காசு போவதைவிட, சரியாகக் கேட்கிறார்களா என்று தெரியாமல் நிற்பது மனசை உறுத்தும். மெட்ரோவில் அந்தப் பேச்சே இல்லை. குறைந்தது 10 ரூபாய், எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாய்க்கு மேல் கிடையாது. போனில் டிக்கெட் எடுத்தால் அதிலும் 20 சதவீதம் குறைகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

காபி குடித்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கும் மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினோம். காலை 5 மணிக்கே முதல் வண்டி விட்டுவிடுகிறார்கள் என்பது ராத்திரி ரயிலில் வருகிற நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய சௌகரியம். நகரும் படிக்கட்டைப் பார்த்து அம்மா சேலையைக் கொசுவத்தோடு பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். அதற்கென்ன, லிஃப்ட் இருந்தது. முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததுமே லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையை மெஷினில் விட்டு எடுக்க வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் கோடு கட்டத்தைக் கதவில் காட்டினால் திறக்கும். முக்கியமான ஒன்று: வெளியே போகும்போதும் அதே டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பஸ் டிக்கெட் மாதிரி கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கீழே போனால் பிளாட்பாரம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. ‘ரயில் எங்கப்பா, வெறும் சுவராவுல்ல இருக்கு’ என்றாள் அம்மா. வண்டி வந்து நின்று, கண்ணாடிக் கதவும் ரயில் கதவும் சேர்ந்து திறந்ததும்தான் நம்பினாள். வண்டிக்கு நான்கு பெட்டிதான், நல்ல ஏசி. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. நான் கூட இருந்ததால் பொதுப் பெட்டியிலேயே உட்கார்ந்தோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எழும்பூரிலிருந்து நங்கநல்லூர் போக இரண்டு வழி இருக்கிறது. ஒரே ஒரு நிலையம் போய் சென்ட்ரலில் இறங்கி, விமான நிலையம் போகும் நீலத் தடத்தில் மாறலாம். அது சைதாப்பேட்டை வரை தரைக்குக் கீழேயே போகும். இல்லாவிட்டால் பச்சைத் தடத்தில் அப்படியே உட்கார்ந்து, கோயம்பேடு சுற்றி, ஆலந்தூரில் மாறலாம். புதிதாக வருகிறவர்கள் கண்டிப்பாகப் பச்சைத் தடத்திலேயே போக வேண்டும் என்பேன். நேரத்துக்காகச் சொல்லவில்லை, கண்ணுக்காகச் சொல்கிறேன்.

நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, ஷெனாய் நகர், அண்ணா நகர் என்று எல்லாம் தரைக்கு அடியில். ஜன்னலில் நம் முகம்தான் தெரிகிறது. அம்மாவுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. அப்போது ஒலிபெருக்கியில், ‘அடுத்த நிலையம், திருமங்கலம்’ என்று கேட்டது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘ஏப்பா, திருமங்கலமா? திரும்பி ஊருக்கா போறோம்?’ சென்னையிலும் ஒரு திருமங்கலம் இருக்கும்மா என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பி மேலே ஏற ஆரம்பித்தது. பாதை சாய்வதை உடம்பிலேயே உணரலாம். ஜன்னல் சாம்பல் நிறமாகி, வெளுத்து, அப்புறம் ஒரேயடியாக வெயில். கீழே கோயம்பேடு. நாங்கள் வானத்தில் இருந்தோம்.

எனக்குத் தெரிந்த உயரம் எங்கள் ஊர் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம்தான். தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர், 2023-இல் திறந்தார்கள். பாலத்தில் பஸ்ஸில் போகும்போது முன்னால் லாரி, பக்கவாட்டில் தடுப்புச் சுவர். ரயிலில் அது எதுவும் இல்லை. மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடிகளில் காயும் துணிகள் எல்லாம் கண் மட்டத்துக்குக் கீழே போகின்றன. அம்மா இளவயதில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சு. அந்தக் கண்ணுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. ‘அந்தா பாரு, மாம்பழக் கலர்ல ஒரு சுங்குடி காயுது’ என்று அரும்பாக்கத்தில் காட்டினாள். நான் பார்ப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது.

கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான் சென்னை மெட்ரோவின் முதல் வண்டி 2015 ஜூன் 29-ஆம் தேதி ஓடியது. கோயம்பேடு பஸ் நிலையம், அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் என்று எல்லாம் நூறடிச் சாலைக்கு மேலேயே வரிசையாக வருகின்றன. எத்தனை வருடம் இந்தத் தூண்களுக்குக் கீழே பஸ்ஸில் நின்று நின்று போயிருக்கிறேன்! அப்போது தனித்தனி ஊர்களாகத் தெரிந்தவை ஒரே நூலில் கோத்த மாதிரி அன்றைக்குக் கிடந்தன. வடபழனி என்று ஒலிபெருக்கி சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அங்கே சாலை, அதன் மேல் மேம்பாலம், அதற்கும் மேலே ரயில். ஈக்காட்டுத்தாங்கலுக்கு முன்னால் அடையாற்றைத் தாண்டுகிறது. வைகையில் மணலைப் பார்த்தே வளர்ந்த நாங்கள், ஆற்றில் தண்ணீர் கிடப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

இருக்கைகள் பஸ் மாதிரி முன்னோக்கி இல்லை, இரண்டு பக்கமும் சுவரை ஒட்டிய பெஞ்சு. அதனால் எதிர் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். நடுவில் ஆட்கள் நின்றால் அதுவும் மறைந்துவிடும். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் ஏழரைக்கு முன்னாலோ, மதியம் பதினொன்றுக்கு மேலோ ஏறுங்கள். ஆபீஸ் நேரத்தில் ஏறினால் முன்னால் நிற்பவரின் சட்டைதான் தெரியும்.

ஆலந்தூர் நிலையம் தனியாகச் சொல்ல வேண்டிய இடம். இரண்டு தடமும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இரண்டு மாடியில் வந்து நிற்கின்றன. வெளியே போகாமல், மறுபடி டிக்கெட் எடுக்காமல், ஒரு மாடி மாறினால் அடுத்த வண்டி. பக்கத்தில்தான் கத்திப்பாரா சந்திப்பு. நான்கு இலை விரித்த மாதிரி வளைந்து கிடக்கும் அந்த மேம்பாலத்தைத் தரையில் போகிறவனால் புரிந்துகொள்ளவே முடியாது. மேலேயிருந்து பார்த்தபோதுதான், பெரியவர்கள் போடும் கோலம் மாதிரி, எந்த இழை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தது. இன்னும் ஒரு நிலையம், நங்கநல்லூர் சாலை. இறங்கிவிட்டோம். ஏறியதிலிருந்து முக்கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். மாப்பிள்ளை வண்டியோடு கீழே நின்றிருந்தார்.

இனி நம் ஊர்க்காரர்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்கிறேன். ரயிலில் எழும்பூர் வருகிறவர்களுக்கு மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்த பிறகு தென் மாவட்ட வண்டிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. மெட்ரோவோ விமான நிலையத்தோடு நிற்கிறது. நடுவில் 15 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதுவரை தடத்தை நீட்டத் திட்டம் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள், குழந்தை குட்டியோடு இன்னொரு டவுன் பஸ் பிடித்துத்தான் மெட்ரோவுக்கு வர வேண்டியிருக்கிறது. இந்தத் துண்டைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். வயதானவர்களோடு போவதாக இருந்தால் ரயிலில் போங்கள்.

ஜவுளி எடுக்கத் தியாகராய நகர் போகிறவர்களும் மெட்ரோவை நம்ப வேண்டாம். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிலையம் மாம்பலம், இறங்கினால் ரங்கநாதன் தெரு. நான் சாம்பிள் பையோடு இப்போதும் அப்படித்தான் போகிறேன்.

மயிலாப்பூருக்குப் பழைய பறக்கும் ரயில்தான் சரி. விழா முடிந்த மறுநாள் அம்மாவைக் கபாலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சென்ட்ரல் வரை மெட்ரோ, பிறகு பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில். மெட்ரோ வருவதற்கு இருபது வருடம் முன்பே, 1995-இல், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்த ரயில் இது. 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி வரை நீண்டது. ஏசி இல்லை. ஜன்னல் திறந்திருக்கும், முகத்தில் உப்புக் காற்று அடிக்கும். கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. கீழே கூடவே பக்கிங்ஹாம் கால்வாய் வருகிறது. கிரிக்கெட் மைதானம் சேப்பாக்கம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நிலையங்கள் பெரிது பெரிதாக, உயரமாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு நேரம் பிடிக்கும். மெட்ரோவுக்கும் இதற்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தோம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்தே எடுக்கலாம் என்று மாப்பிள்ளை பிறகு காட்டினார். அதை ஊரிலேயே போனில் ஏற்றி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. எங்கள் மதுரைக்கும் மெட்ரோ திட்டம் போட்டார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். கோயிலைச் சுற்றிய பழைய ஊருக்கு அடியில் சுரங்கம், மற்றதெல்லாம் தூண் மேலே. மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பை வைத்துச் சொன்ன கணக்கு அது. மதுரையில் குடியிருப்பவர்களை மட்டும் எண்ணினால் போதுமா? தினமும் மீனாட்சியைப் பார்க்க வருகிறவர்களையும், கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களையும், சித்திரைத் திருவிழாவுக்கு வந்து நிற்கிற சனத்தையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாட்டுத்தாவணியில் இறங்கி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்து முழிக்கிற வெளியூர்க்காரனை நான் தினம் பார்க்கிறேன். எழும்பூர் வாசலில் நின்ற எனக்கு அவன் நிலைமை நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும் நாளில் மதியம் வைகை எக்ஸ்பிரஸ். நங்கநல்லூரிலிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாமா என்று தங்கச்சி கேட்டாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ‘வந்த வழியிலயே போவோம்’ என்றாள். ஆலந்தூரில் மாறி ஏறியதும், வரும்போது பார்க்காத பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யோசித்து, தானே ஒரு பெஞ்சைத் தேர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். கோயம்பேடு தாண்டி வண்டி கீழே இறங்கத் தொடங்கியதும், அம்மா அந்தப் பெண்ணின் கையைத் தொட்டு, ‘இப்பத் திருமங்கலம் வரும் பாரு’ என்றாள். ‘தெரியும் பாட்டி, எங்க வீடு அங்கதான்’ என்றது அந்தப் பெண். ‘எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கு’ என்று அம்மா ஆரம்பித்தாள். அந்தப் பெண் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டும் கேட்டுக்கொண்டிருந்தது.