ஈரோட்டில் ஒரு தொண்டை மருத்துவர்: காத்திருந்து பார்க்கலாம்

பெருந்துறை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தச் சிறிய காது மூக்கு தொண்டை மருத்துவமனை. வண்டி நிறுத்த இடம் கிடையாது. டோக்கன் கொடுக்கிறார்கள், ஆனால் டோக்கன் எண்ணுக்கும் உள்ளே கூப்பிடும் வரிசைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அக்கா மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். தொண்டை வலிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கிக்கொண்டே வகுப்புக்குப் போயிருக்கிறான். ஊருக்கு வந்தவனுக்கு அக்கா அரிசிம்பருப்பு சாதத்தைக் குழையக் குழையப் பிசைந்து கொடுத்தும் ஒரு வாய் இறங்கவில்லை. "மாமா, வலது காதும் வலிக்கிறது" என்று அவன் சொன்னதே சுடுகளியை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

வரவேற்பில் இருந்த அம்மா அந்தக் குரலைக் கேட்டார். கைக்குட்டையால் அவன் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்ததையும் கவனித்தார். காத்திருந்த அத்தனை பேரையும் தாண்டி எங்களை உள்ளே அனுப்பிவிட்டார். இவர்கள் வரிசை ஏன் குலைகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

"தம்பி, வாயைத் திற" என்றார் மருத்துவர். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் தாடை இறங்கவில்லை. டார்ச் அடித்து என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். வலது டான்சிலுக்கு மேலே சிவந்து புடைத்திருந்தது. உள்நாக்கு நடுவில் தொங்காமல் இடப்பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருக்கிறது, மாத்திரைக்கு மட்டும் அடங்காது, வெளியே எடுத்தாக வேண்டும் என்றார். மரத்துப்போகும் மருந்தை அடித்து, நீண்ட ஊசியைச் செலுத்தி இழுத்தார். பச்சை கலந்த மஞ்சளாகச் சிரிஞ்சில் ஏறியது. மஞ்சள் மண்டியில் தூசியை இழுத்தே காய்த்துப்போன மூக்கு என்னுடையது. அதுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி ஒரு நாற்றம். சற்று நேரத்தில் பையன் தானாகவே தண்ணீர் கேட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். காதுக்குக் கீழிருந்து தோள் வரை கழுத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். குளிர் நடுக்கம் வந்ததா, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு குத்துகிறதா என்று கேட்டார். எதற்கு இதெல்லாம் என்றேன். கேள்வி கேட்டால் எரிந்து விழும் மருத்துவர்களையே பார்த்துப் பழகியவன் நான். இவர் உட்கார்ந்து விளக்கினார். தொண்டையில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி அபூர்வமாகக் கழுத்தின் பெரிய சிரை வரை பரவி, அதற்குள் ரத்தத்தை உறைய வைத்துவிடுமாம். அந்த உறைகட்டியிலிருந்து கிருமியோடு துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போகும். ஆந்த்ரே லெமியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1936இல் விரிவாக எழுதியதால் நோய்க்கு அவர் பெயர். திடகாத்திரமான இளவட்டங்களைத்தான் அதிகம் பிடிக்கும். தொண்டை வலி தணிந்த பிறகுகூடத் தலைகாட்டும். ஆன்டிபயாடிக்குகள் வந்தபின் அரிதாகிப்போனதால் 'மறந்துபோன நோய்' என்றே சொல்வார்களாம். சீழ் கழுத்தின் உள்ளடுக்குகள் வழியாக நெஞ்சுக்குள் இறங்குவதும் உண்டு. இவனுக்கு அப்படி எதுவும் இல்லை. காய்ச்சல் இறங்காவிட்டால் மட்டும் சிடி ஸ்கேன் என்று சொல்லி, இரவு அங்கேயே படுக்க வைத்து டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்.

அறை சுமார்தான். குளியலறைத் தாழ்ப்பாள் விழவில்லை, கொசு வேறு. மருந்தகத்தில் சில்லறைக்குப் பதில் இருமல் மிட்டாயைத் தள்ளுகிறார்கள். தொண்டை மருத்துவமனைக்குப் பொருத்தம்தான். பில்லில் ஊசி முதல் பஞ்சு வரை தனித்தனியாக எழுதியிருந்தது. வாயடைக்கும் தொகையும் இல்லை.

மறுநாள் காலை சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சிறு பெண்ணோடு வந்திருந்தார். மூக்கொழுகல், இருமல், தொண்டை வலி. ஊசி போடச் சொல்லிக் கேட்டார், மருத்துவர் மறுத்துவிட்டார். மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் எடுபடாது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும், ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும் என்றார். ஊசி போடாததற்கு எதற்குக் காசு என்று அந்த அம்மா முனகிக்கொண்டே போனார். எனக்கென்னவோ அந்த மறுப்புக்கே காசு கொடுக்கலாம் என்று பட்டது.

வெறுங்கையோடும் அனுப்பவில்லை. அக்காவுக்குக் கொடுத்த அதே அச்சடித்த சீட்டு அவருக்கும் கிடைத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வந்த குழந்தைக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி வீங்கினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், இதய வால்வைக் கெடுக்கும். முகம் உப்பிச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி. 5 முதல் 15 வயது வரை கவனம் தேவை என்று அடிக்கோடிட்டிருக்கிறது. எழுத்து பெரிதாக இருப்பதால் அக்காவால் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

ஞாயிறு பிற்பகல் மருத்துவர் இருப்பதில்லை. அந்த நேரத்தில் மூச்சுத் திணறலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலையோ வந்தால் இங்கே வராமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாசல் பலகையில் அவர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.