தசமபாகமா, மனத்தில் நியமித்த காணிக்கையா?

சபைக்குக் கொடுப்பதைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இரண்டு நிலைப்பாடுகள் உள்ளன. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், ஆண்டவருக்கே உரியது, அதைச் செலுத்தாதவர் அவரை வஞ்சிக்கிறார் என்பது ஒன்று. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையும் இவ்வாறு போதிக்கின்றன. புதிய உடன்படிக்கை விகிதம் எதையும் விதிக்கவில்லை என்பது மற்றொன்று. பிரதரன் சபையார் பலர் இதையே சொல்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் (1983, எண் 222) திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவதைக் கடமையாக்குகிறதேயன்றி, அளவைக் குறிக்கவில்லை.

முதல் நிலைப்பாட்டின் வலுவான ஆதாரம் ஆபிரகாம். மோசேயின் சட்டத்துக்கு முன்பே அவர் சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார் என்பதால், சட்டம் நிறைவேறிய பிறகும் அது நிலைக்கிறது என்று வாதிடுகிறார்கள். ஆனால் அவர் கொடுத்தது போரில் கைப்பற்றிய பொருளிலிருந்து. மாதந்தோறும் அப்படிக் கொடுத்ததாக வேதத்தில் இல்லை.

அடுத்து எடுத்துக்காட்டப்படுவது, தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10. அங்கே சொல்லப்படும் பண்டசாலை, ஆலயப் பணி செய்த, நிலப் பங்கு இல்லாத லேவி கோத்திரத்தாரான லேவியருக்கான தானியம் சேர்த்து வைக்கப்பட்ட இடம். அந்த லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்று எண்ணாகமம் 18 கட்டளையிடுகிறது. தசமபாகத்தைப் பெறும் போதகர்களும் இதை நினைவில் கொள்வது நல்லது. உபாகமம் 14-ஐயோ பிரசங்கங்களில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். அதன்படி, விளைச்சலின் தசமபாகத்தைக் கொடுப்பவர் தம் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் புசித்து மகிழ வேண்டும்; மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தையோ ஊர் வாசலில் வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் உண்டு திருப்தியடையச் செய்ய வேண்டும். பத்து விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பந்தியை விட்டுவிடுவது சட்டத்தைக் கைக்கொள்வது ஆகாது.

இரண்டாம் நிலைப்பாடு 2 கொரிந்தியர் 9:7-ஐச் சார்ந்திருக்கிறது: அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்க வேண்டும்; விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல. பவுல் அங்கே சேகரித்தது எருசலேமின் ஏழைகளுக்காக. எனக்கு இந்நிலைப்பாடே வேதத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது. எனினும் இதைச் சாக்காக வைத்து, காணிக்கைப் பை அருகே வரும்போது கைக்கு அகப்பட்ட நோட்டைப் போடுவோரும் உண்டு. அதே பவுல் 1 கொரிந்தியர் 16:2-இல் வாரத்தின் முதல் நாள்தோறும், வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கச் சொல்கிறார். மாதத் தொடக்கத்திலேயே தசமபாகத்தை எடுத்து வைக்கும் குடும்பங்களின் ஒழுங்கை, விருப்பக் காணிக்கையை வலியுறுத்துவோர் கற்றுக்கொள்ள வேண்டும்.

கொடுப்பதைக் கட்டாயமாக்கும் முறைக்கு ஜெர்மனி ஓர் எடுத்துக்காட்டு. அங்கே திருச்சபை வரியைப் பெரும்பாலும் அரசே வசூலிக்கிறது. அது வருமானத்தின் விழுக்காடன்று. வருமான வரித் தொகையில் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் 8, பிற மாநிலங்களில் 9 விழுக்காடு. ஊழியருக்குச் சம்பளம் தவறாமல் கிடைக்கிறது. ஆனால் வரியை விட வேண்டுமானால் திருச்சபை உறுப்பினர் நிலையையே துறக்க வேண்டும் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஒரே விகிதம் எல்லோருக்கும் ஒரே பாரமும் அன்று. மாதம் 1,50,000 ரூபாய் பெறுபவர் 15,000 கொடுத்தபின் 1,35,000 மிஞ்சும். 12,000 பெறும் விதவை 1,200 கொடுத்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ மளிகைக் கடனோ நின்றுபோகலாம். இதற்கு மறுமொழியாக இரண்டு காசு போட்ட ஏழை விதவையைக் காட்டுகிறார்கள். அவளுடைய மனத்தை ஆண்டவர் போற்றினார் என்பது உண்மையே. ஆயினும் மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது யூதச் சட்டத்தைப் போதித்தவர்களை, அவர் கண்டிக்கிறார். உபாகமத்தின் கணக்கின்படியும் அவள் தசமபாகத்தைப் பெற வேண்டியவர்களின் வரிசையில் இருப்பவள்.